டீவிப் பொக்ஸ் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

(தோட்டக் குடும்பங்களுக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு. வாசகர்களின் நன்மை கருதி, பேசிய நடையிலேயே இங்கு தரப்படுகிறது.)

 

ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். துணி துவைக்க வேணும், விறகு கொண்டு வர வேணும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேணும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே வளைத்துப் பேசாமல் விசயத்துக்கு வருகிறேன்.

ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு ஆரம்பமானது. அந்தக் காலத்தில் ஒரு லயத்துக்கு ஒரு டீவி இருந்தாலே பெரிய காரியம். லயங்களில் கரண்ட் கிடையாது. டவுனில் சார்ஜ் பண்ணிய கார் பெட்டரியைத் தோளில் தூக்கி வந்து, அதில் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். பிறகு கலர் டீவி வந்தது, கூரைக்கு மேலே டிஷ் வந்தது, அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது. இப்போது வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி: “போன்ல பார்க்கிறத அப்படியே டீவியில பார்க்க ஒரு பொக்ஸ் இருக்குதாமே, அத வாங்கலாமா?”

வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது, மாதா மாதம் எவ்வளவு செலவு வரும், எதில் ஏமாற்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இது என்ன சாமான்?

சின்னதாக, ஒரு தீப்பெட்டி, சவர்க்காரக் கட்டி அளவில் இருக்கும் கருவி இது. சில கருவிகள் பென் டிரைவ் போல நீட்டாக இருக்கும். அதை ஸ்டிக் என்கிறார்கள். சில கருவிகள் சதுரமாக இருக்கும்; அதைப் பொக்ஸ் என்கிறார்கள். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். இன்டர்நெட்டில் வருகிற படத்தையும் சத்தத்தையும் வாங்கி டீவிக்குக் கொடுக்கும்.

ஆன்டெனாவும் டிஷ்ஷும் மழை மாதிரி. வானத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரேயடியாகப் பெய்கிறது. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது குறையாது. இந்தப் பொக்ஸோ பீலித் தண்ணீர் மாதிரி. நீங்கள் கேட்கும்போது மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும், குழாய் வழியாக வருகிறது. குழாய் மெல்லிசாக இருந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், அதுதான் வேகம். மேலே உள்ள தாங்கியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் மாதம் முழுவதற்கும். அதுதான் டேட்டா பெக்கேஜ். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

முதலில் இருக்கிற டீவியைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் டீவியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

உங்கள் டீவி சமீபத்தில் வாங்கிய ஸ்மார்ட் டீவியாக இருந்தால் பொக்ஸ் தேவையே இல்லாமல் இருக்கலாம். ரிமோட்டில் யூடியூப் என்று பட்டன் இருக்கிறதா, மெனுவில் வைபை என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காசு மிச்சம்.

ஸ்மார்ட் இல்லாத, ஆனால் தட்டையான எல்.ஈ.டி டீவியாக இருந்தால், பின்பக்கம் எச்.டி.எம்.ஐ என்று எழுதிய ஓட்டை இருக்கும். பார்க்க விரல் நகம் அகலம், மேலே அகன்று கீழே கொஞ்சம் ஒடுங்கி இருக்கும். அது இருந்தால் எந்தப் பொக்ஸையும் பூட்டலாம்.

பழைய கனமான பெட்டி டீவியாக இருந்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்ட ஓட்டைகள்தான் இருக்கும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அந்த மூன்று வயர் போடக்கூடிய ஏ.வி. ஓட்டை உள்ள பொக்ஸாகப் பார்த்து வாங்குவது. மற்றது, எச்.டி.எம்.ஐயை ஏ.வி.யாக மாற்றுகிற ஒரு சின்ன மாற்றி வாங்குவது. மாற்றி வாங்கும்போது, “எச்.டி.எம்.ஐயிலிருந்து ஏ.வி.க்கு” என்று சொல்லிக் கேளுங்கள். அதற்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்கிற மாற்றியும் அதே தோற்றத்தில் கடையில் தொங்கும். அதை வாங்கினால் படம் வராது. பெட்டி டீவியில் எழுத்து பொடியாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கும் படத்துக்கும் பரவாயில்லை. பிள்ளைகள் பாடம் படிக்கக் கண் வலிக்கும்.

இன்னொரு சங்கதி. பிள்ளையின் படிப்புக்காக மட்டும்தான் கேட்கிறீர்கள் என்றால், பொக்ஸ் இல்லாமலே ஒரு மலிவான வழி இருக்கிறது. டீச்சர் தருகிற பாட வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டு டீவியின் யூ.எஸ்.பி ஓட்டையில் செருகினால் பல டீவிகளில் படம் ஓடும். டேட்டாவும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். முதலில் இதைச் செய்து பாருங்கள்.

சிக்னல் இருக்கிறதா?

நம் தோட்டங்களில் மலை மறைக்கிறது. மேல் டிவிசனில் நாலு கோடு காட்டுகிற சிம், கீழ்ப் பள்ளத்து லயத்தில் ஒரு கோடும் காட்டாது. ஒரு கொம்பனி சிம் இழுக்காத இடத்தில் இன்னொரு கொம்பனி சிம் இழுக்கும். ஆகவே, யாரோ சொன்னார்கள் என்று ரவுட்டர் வாங்காதீர்கள்.

பரீட்சித்துப் பார்க்கும் முறை இது. உங்கள் லயத்தில் வேறு வேறு கொம்பனி சிம் வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், உங்கள் காம்பராவுக்குள்ளேயே உட்கார்ந்து, ஒவ்வொரு போனிலும் யூடியூப்பில் ஒரு வீடியோவை 720 என்ற தரத்தில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பகலில் பார்த்தால் சரியாகத் தெரியாது; எல்லோரும் மலைக்குப் போயிருப்பார்கள், சிக்னல் சும்மா கிடக்கும். இரவில் எல்லோரும் பாவிக்கும்போதும் சுற்றிச் சுற்றி நிற்காமல் எந்த சிம்மில் ஓடுகிறதோ, அதுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்ற சிம்.

நெட்பிளிக்ஸ் கொம்பனி தனது வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற கணக்குப்படி, 720 தரத்துக்கு ஒரு செக்கனுக்கு 3 மெகாபிட் வேகமும், 1080 தரத்துக்கு 5 மெகாபிட் வேகமும், 4கே என்கிற மிகத் துல்லியமான படத்துக்கு 15 மெகாபிட் வேகமும் வேண்டும். நமக்கு முதல் இரண்டும் போதும்.

சட்டலைட் வழியாக வருகிற ஸ்டார்லிங்க் சேவையும் 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பித்துவிட்டது. மலை மறைத்த இடத்திலும் அது எடுக்கும். ஆனால் அதன் கருவியும் மாதக் கட்டணமும் ஒரு தனிக் குடும்பம் தாங்குகிற விலை இல்லை. ஒரு வாசிகசாலையோ கோயில் கமிட்டியோ பொதுவாக எடுக்க நினைத்தால் யோசிக்கலாம்.

டேட்டா எவ்வளவு தின்னும்?

பொக்ஸின் விலை ஒரு தரம் கொடுப்பது. டேட்டாவின் விலை மாதா மாதம் கொடுப்பது. பலர் முதலாவதைக் கணக்குப் பார்த்துவிட்டு இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நெட்பிளிக்ஸ் சொல்கிற கணக்கையே திரும்பவும் எடுப்போம். சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 1 ஜீபி வரை போகும். துல்லியமான எச்.டி. தரத்தில் 3 ஜீபி வரை போகும். 4கே என்றால் 7 ஜீபி வரை போகும். யூடியூப்பிலும் தரம் கூடக் கூட டேட்டா கூடும்.

ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று வையுங்கள். 30 நாளைக்கு 60 மணித்தியாலம். சாதாரணத் தரத்தில் 60 ஜீபி. எச்.டி.யில் 180 ஜீபி. அதே டீவி, அதே நேரம், தரம் மட்டும்தான் வேறு. டேட்டா மூன்று மடங்கு! ஆகவே 32 அங்குல டீவியில் பார்க்கிற நமக்குத் தரத்தைக் குறைத்து வைப்பதுதான் புத்தி. எப்படிக் குறைப்பது என்று பிறகு சொல்கிறேன்.

பெக்கேஜ் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் மொத்த ஜீபியைப் போட்டிருப்பார்கள். சில பெக்கேஜ்களில் அதில் ஒரு பெரிய பங்கு நடு இரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக் கூடிய டேட்டாவாக இருக்கும். விடியற்காலையில் எழும்பிச் சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த இரவு டேட்டாவால் என்ன பிரயோசனம்? “பகல்லயும் பாவிக்கிற டேட்டா எத்தன ஜீபி?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதை வாங்குவது?

கடையில் பல பெயர்கள் சொல்வார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூகுள் டீவி, அண்ட்ரொயிட் டீவி என்ற அமைப்பில் வேலை செய்கிற பொக்ஸும் ஸ்டிக்கும் நமக்கு வசதியானவை. சியோமி கொம்பனியின் ஸ்டிக்கும் பொக்ஸும் இந்த ரகம். நம் போன்களில் பெரும்பாலானவை அண்ட்ரொயிட் என்பதால் போனிலிருந்து டீவிக்கு அனுப்புவதும் சுலபம்.

அமேசன் கொம்பனியின் பயர் ஸ்டிக்கை வெளிநாட்டில் வேலை செய்கிற உறவுகள் கொண்டு வந்து கொடுப்பதுண்டு. நல்ல சாமான்தான். அமேசன் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். அமெரிக்காவில் பெயர் எடுத்த ரோக்கு என்ற கருவி அந்த நாடுகளுக்காகவே செய்யப்பட்டது. இங்கே அதனால் முழுப் பயன் கிடைக்காது. அப்பிள் டீவி விலை கூடியது. அப்பிள் போன் இல்லாதவர்களுக்கு அவ்வளவு பிரயோசனமும் இல்லை.

கூகுளின் குரோம்காஸ்ட் 2013இல் வந்தது. 2024 ஓகஸ்டில் அதன் உற்பத்தியை நிறுத்தப் போவதாகக் கூகுள் அறிவித்தது. இப்போது கையில் மாறுகிற பழைய குரோம்காஸ்ட்டை விலை குறைவு என்று வாங்குவதற்கு முன் யோசியுங்கள். முதலாவது ரகத்துக்குக் கூகுள் 2023இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. இரண்டாவது ரகம் 2025 மார்ச் மாதம் உலகம் முழுவதும் திடீரென்று வேலை செய்யாமல் நின்றது. பிறகு கூகுள் அதைச் சரி செய்து கொடுத்தது. கருவி பழுதாகவில்லை, உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். வானொலிப் பெட்டி போல இருபது வருடம் பாவிக்கிற சாமான் இது இல்லை. கொம்பனி கைவிட்டால் கருவி நல்லாயிருந்தும் உதவாது.

கடையில் கேட்க வேண்டியவை இவைதான். ரெம் 2 ஜீபி இருக்கிறதா? அதைவிடக் குறைந்தால் ஆமை வேகம். சேமிப்பு 8 ஜீபியாவது இருக்கிறதா? ரிமோட் கூட வருகிறதா? பிளக் கூட வருகிறதா? உங்கள் டீவி 4கே இல்லாவிட்டால் 4கே பொக்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். படம் டீவியின் அளவுக்குத்தான் தெரியும்.

“எல்லாம் ஓசி” என்கிற பொக்ஸ்

இப்போது சொல்லப் போவதை நன்றாகக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பெயர் தெரியாத சில பொக்ஸ்கள் மிக மலிவாக வருகின்றன. “ஒரு தரம் காசு கட்டினா போதும், எல்லாச் சனலும் எல்லாப் படமும் ஆயுசுக்கும் ஓசி” என்பார்கள். இதில் மூன்று கேடு இருக்கிறது.

முதலாவது, அது திருட்டுச் சனல். இன்றைக்கு வரும், நாளைக்கு மூடிவிடுவார்கள். காசைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது.

இரண்டாவது, நெட்பிளிக்ஸ் போன்ற கொம்பனிகள் அங்கீகாரம் இல்லாத பொக்ஸில் ஒன்றில் ஓடாது, அல்லது மங்கலாகத்தான் ஓடும்.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. 2023ஆம் ஆண்டு டி95 என்ற மலிவுப் பொக்ஸைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, கடையிலிருந்து வரும்போதே அதற்குள் கள்ள மென்பொருள் போடப்பட்டிருந்தது தெரிய வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. பொலிஸ், இப்படிப்பட்ட பொக்ஸ்களைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே கூகுள் கொம்பனி, “பெட்பொக்ஸ் 2.0” என்று பெயரிடப்பட்ட அந்தக் கும்பலுக்கு எதிராக நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அந்தக் கும்பலின் பிடியில் இருந்ததாகக் கூகுள் சொன்னது.

அவர்கள் என்ன செய்கிறார்கள்? நீங்கள் தூங்கும்போதும் உங்கள் பொக்ஸ் அவர்களுக்காக வேலை செய்யும். உங்கள் டேட்டாவில் விளம்பரங்களைத் திறந்து காசு பார்ப்பார்கள். உங்கள் வீட்டு இணைப்பு வழியாக வேறு எங்கோ மோசடி செய்வார்கள். அதே வைபையில்தான் உங்கள் போனும் இருக்கிறது. அந்தப் போனில்தான் பேங்க் கணக்கும், வெளிநாட்டுக் காசு வருகிற மெசேஜும் இருக்கிறது. வேலியில் ஓட்டை போட்டுவிட்டு ஆட்டைக் காவல் காக்க முடியுமா?

அடையாளம் கண்டுபிடிக்கும் வழி இது. நல்ல பொக்ஸின் பெட்டியில் கூகுள் டீவி அல்லது அண்ட்ரொயிட் டீவி என்ற முத்திரை இருக்கும். போட்டவுடன் டீவிக்கென்று செய்யப்பட்ட பெரிய படங்கள் உள்ள பக்கம் வரும். போலிப் பொக்ஸில் போன் திரை போலச் சின்னச் சின்னச் சதுரங்கள் வரும். “பிளே புரொடெக்டை நிறுத்துங்கள்” என்று ஒரு பொக்ஸ் உங்களிடம் கேட்டால், அது வீட்டுக்குள் விடக் கூடாத பொக்ஸ். ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதில் பேங்க் விசயமோ கார்ட் இலக்கமோ போடாமல், வைபையிலிருந்து கழற்றி வையுங்கள்.

காசும் பில்லும்

ஒரு பேச்சுக்கு 13,500 ரூபா பொக்ஸ் என்று வைப்போம். சம்பள நிர்ணய சபை 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் பார்த்தால் பத்து நாள் பேர். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கையில் வருவது 1,242. அப்போது பதினொரு நாள் மலை ஏற வேண்டும். அட்டைக்கடியும் மழையும் வெயிலும் பதினொரு நாள்! அந்த உழைப்பைக் கொடுத்து வாங்குகிற சாமானைப் பத்து நிமிடத்தில் தெரிவு செய்யாதீர்கள்.

இன்றைய சம்பளத்தை வைத்து உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தீபாவளி முற்பணத்தில் வாங்குவோம் என்று சிலர் நினைக்கலாம். முற்பணம் ஓசிக் காசு இல்லை. வருகிற மாதங்களின் சம்பளத்தில் அது கழியும். குழுக் கடன் எடுத்து இதை வாங்க வேண்டாம் என்று அம்மாமார்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வாரா வாரம் கடன் கட்டுகிறபோது டீவியில் சிரிப்புப் படம் ஓடினாலும் நமக்குச் சிரிப்பு வராது.

கடையிலேயே பூட்டிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்து யூடியூப்பை ஓட விடச் சொல்லுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. உத்தரவாதக் காலத்தைக் கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில் இல்லாத முறைப்பாடு கூடை இல்லாமல் கொழுந்துக்குப் போவது மாதிரி.

பூட்டும் முறை

இனி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். படிப்படியாகச் செய்வோம்.

1. டீவியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். பொக்ஸை எச்.டி.எம்.ஐ ஓட்டையில் மெதுவாகச் செருகுங்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் 1, 2 என்று இலக்கம் இருக்கும். அதை ஞாபகம் வையுங்கள்.

2. பொக்ஸுக்கு அதோடு வந்த பிளக்கிலிருந்தே கரண்ட் கொடுங்கள். டீவியின் யூ.எஸ்.பி ஓட்டையில் செருகினால் பல டீவிகளில் கரண்ட் போதாது. படம் வந்து வந்து நின்றால், திரும்பத் திரும்ப ஆரம்பித்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

3. டீவியைப் போட்டு, டீவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்ற பட்டனை அழுத்தி, நீங்கள் செருகிய எச்.டி.எம்.ஐ இலக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். “படமே வரல்லீங்க” என்று சொல்கிற பத்துப் பேரில் பலருக்கு இந்த ஒரு பட்டன்தான் பிரச்சினை.

4. பொக்ஸின் ரிமோட்டுக்குப் பெட்டரி போட்டு, திரையில் சொல்கிற பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். ரிமோட் பொக்ஸோடு சேர்ந்துகொள்ளும்.

5. மொழியைத் தெரிவு செய்யுங்கள். பட்டியலில் தமிழ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பயமில்லை, தமிழ் வீடியோக்கள் எப்படியும் வரும்.

6. வைபையைத் தெரிவு செய்து கடவுச் சொல்லைப் போடுங்கள். ரவுட்டரில் இரண்டு பெயர் காட்டினால் 2.4 என்பது சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 என்பது பக்கத்தில் வேகமாக இருக்கும். லயத்துக் கல்சுவருக்கு அப்பால் ரவுட்டர் இருந்தால் 2.4 நல்லது. ரவுட்டரை ஜன்னல் ஓரத்தில் உயரமாக வையுங்கள்.

7. கூகுள் கணக்குக் கேட்கும். உங்கள் சொந்தக் கணக்கைப் போடுங்கள். கடைக்காரத் தம்பியின் கணக்கில் திறந்து தந்தால் ஏற்க வேண்டாம். பிறகு அவர் மாற்றினால் உங்கள் பொக்ஸ் பூட்டிக்கொள்ளும். கடவுச் சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கிற இடத்தில் வையுங்கள்.

8. இப்போது டேட்டாவைக் கட்டுப்படுத்துங்கள். பல கருவிகளில் அமைப்புப் பக்கத்தில் டேட்டா சேவர் என்று இருக்கும். அதைப் போட்டு விடுங்கள். யூடியூப் ஓடும்போது பல்சக்கர அடையாளத்தை அழுத்தித் தரத்தை 480க்குக் குறைக்கலாம். நெட்பிளிக்ஸ் உள்ளவர்கள் கணக்கில் போய் நடுத்தரம் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 0.7 ஜீபி அளவில் நிற்கும். ஒன்று முடிய இன்னொன்று தானாக ஓடுவதை நிறுத்தி விடுங்கள். டீவி ஓட ஓட நாம் தூங்கிவிட்டால் விடியும்போது தாங்கி காலி!

ரவுட்டர் இல்லாதவர்கள் போனின் ஹொட்ஸ்பொட்டிலும் பார்க்கலாம். அப்போது போகிறது போனின் டேட்டா என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்காக

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது, பாடமெல்லாம் போனுக்குள் போய்விட்டது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் இருந்த வீட்டில் யார் படிப்பது? சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சியில் ஏறி உட்கார்ந்து படித்த பிள்ளைகளை நாம் பார்த்தோம். ஒரு பொக்ஸ் இருந்தால் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து பெரிய திரையில் பாடம் பார்க்கலாம். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் வரலாம். சாதாரணதரம், உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் யூடியூப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையத்தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கின்றன.

ஆனால் பாடம் வருகிற அதே குழாயில் வேண்டாத குப்பையும் வரும். பிள்ளைகளுக்கென்று தனிப் பக்கம் திறந்து கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் செயலிக்குள்ளேயே யூடியூப் கிட்ஸ் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் இரகசிய இலக்கம் வைத்துவிடுங்கள். அதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் விட, டீவியை எல்லோரும் நடமாடுகிற முன் காம்பராவில் வையுங்கள். ஆயா அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதைவிட நல்ல பூட்டு வேறு இல்லை.

கரண்டும் இடியும்

இந்தப் பொக்ஸ் அதிகம் கரண்ட் தின்னாது. 5 வொட் என்று வைத்தால், நாளைக்கு நாலு மணித்தியாலம், 30 நாளைக்கு 600 வொட் மணி. அதாவது ஒரு யுனிட்டுக்கும் குறைவு. பயம் பில்லில் இல்லை, வயரில் இருக்கிறது. நம் லயங்களில் பல வயர்கள் பழையவை. ஒரே மல்டி பிளக்கில் டீவி, பொக்ஸ், ரவுட்டர், போன் சார்ஜர் எல்லாம் போட்டு, அதிலேயே கேத்தலையும் ஹீட்டரையும் போட்டால் வயர் சூடேறும். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு எப்படி ஒரு லயத்தையே தின்னும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேத்தலுக்கும் ஹீட்டருக்கும் தனி பிளக் பொயின்ட் இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பிளக்கில் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் இங்கே பாவிக்கலாம். நம் நாட்டில் 230. பின் பொருந்தாவிட்டால் பேனையை விட்டு நெம்பிச் செருகாமல் சரியான அடெப்டர் வாங்குங்கள். இடி மின்னல் நேரத்தில் பொக்ஸ், டீவி, ரவுட்டர் எல்லாவற்றின் பிளக்கையும், ஆன்டெனா வயரையும் கழற்றி விடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

பொக்ஸ் வந்தவுடன் பழைய ஆன்டெனாவைக் கழற்றி எறிந்துவிடவும் வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் பல இடங்களில் கரண்டும் போனது, போன் சிக்னலும் போனது. அந்த நேரத்தில் இன்டர்நெட்டை நம்பிய கருவி வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். மண்சரிவு எச்சரிக்கை கேட்க ஆன்டெனாவும், பெட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும்.

முடிவாக

முதலில் டீவியின் பின்பக்கம். இரண்டாவது, இரவு நேரச் சிக்னல். மூன்றாவது, மாத டேட்டாக் கணக்கு. நாலாவதாகத்தான் கடை. இந்த ஒழுங்கை மாற்றிப் போனால்தான் பணம் வீணாகிறது. டேட்டாக் கணக்கு உங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படாவிட்டால், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு ரவுட்டர் எடுக்கலாமா என்று பேசிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் பென் டிரைவ் இருக்கிறது, ஆன்டெனா இருக்கிறது. பொக்ஸ் இல்லாத வீடு குறைந்த வீடு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

வீட்டில் இப்போது பொக்ஸ் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், டீவி மொடல் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எது பொருந்தும், எது பொருந்தாது என்று உட்கார்ந்து பார்ப்போம். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்னால் இருக்கிற அம்மாமார்கள் முதலில் கேட்கட்டும்.